'இஃப்' பிளாக்குக்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

ஒத்தக்கடையிலிருந்து, திங்கள் இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். விடுமுறையில் ஊர் நூலக மாடியில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பதினான்கு பேருக்கு நிரலாக்கம் சொல்லிக்கொடுக்கிறேன் என்று போன மாதம் எழுதியிருந்தேன். பிளாக்குகளை இழுத்து ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் மென்பொருள்தான். அதற்குத் தமிழ்ச் சொற்கோப்பு கிடையாது, நானே நிரப்பிக்கொண்டு வருகிறேன். நகர், திரும்பு, நில், சத்தம் போடு எல்லாம் ஒரே சாயங்காலத்தில் முடிந்துவிட்டது. 'இஃப்' ('இப்படி இருந்தால் இதைச் செய்' என்கிற பிளாக்) வந்ததும் வண்டி நின்றுவிட்டது.

அந்த பிளாக்கின் அமைப்பைச் சொல்கிறேன். முதலில் ஒரு சொல். அடுத்து நிபந்தனையைச் செருக ஒரு ஓட்டை. ஓட்டையைத் தாண்டி இன்னொரு சொல், ஆங்கிலத்தில் அங்கே 'தென்' இருக்கும். கீழே இடுப்பு மாதிரி ஒரு பட்டையில் 'எல்ஸ்', அதாவது அப்படி இல்லாவிட்டால் செய்ய வேண்டியது. முன்னால் 'என்றால்', பின்னால் 'பிறகு' என்று போட்டு சனிக்கிழமை ஓட்டிப் பார்த்தேன். திரையில் வந்தது: "என்றால் நீர்மட்டம் > 66 பிறகு". முன்வரிசைப் பையன் ஒருவன் சத்தமாக வாசித்துவிட்டுக் கேட்டான்: "டீச்சர், என்னன்னா?"

எனக்குப் பதில் இல்லை.

பயிற்சி வைகை அணை. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5இல் இரண்டாவது, 69இல் மூன்றாவது. பிள்ளைகள் செய்தியில் கேட்டுப் பழகிய கணக்கு, அதனால்தான் எடுத்தேன். வெள்ளிக்கிழமை கோப்பை ஏற்ற வேண்டும். 'இஃப்', 'எல்ஸ்' இரண்டுக்கும் ஒற்றைச் சொல் தாருங்கள். ஏழாம் வகுப்புக்குப் புரிய வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

சிம்மக்கல்லிலிருந்து, திங்கள் இரவு 10.35

தங்கச்சி, இதற்கு ஏற்கெனவே ஒரு தடம் இருக்கிறது. எழில் நிரல்மொழியில் 'ஆனால்', 'இல்லைஆனால்', 'இல்லை', 'முடி' என்றுதான் வைத்திருக்கிறார்கள். அதிலும் நிபந்தனையை முன்னால் அடைப்புக்குள் எழுதிவிட்டு, 'ஆனால்' பின்னால் வரும். "நீர்மட்டம் 66 ஆனால்" என்று வாசித்துப் பார், உன் அணைக்குக் கச்சிதமாக உட்கார்கிறது.

ஒரு சிக்கல் உண்டு, அதையும் நானே சொல்லிவிடுகிறேன். முப்பது வருடமாக மெய்ப்புப் பார்க்கிறவன். இன்றைக்கு வாசிக்கிறவன் கண்ணுக்கு 'ஆனால்' என்றால் ஆங்கிலத்து 'பட்'. 'ஆகினால், அப்படி ஆகும் பட்சத்தில்' என்று இருந்த சொல், மறுத்துப் பேசும் சொல்லாகத் தடம் மாறிவிட்டது. நமக்கு மட்டும் நடந்ததில்லை இது. தெலுங்கில் 'அயிதே', கன்னடத்தில் 'ஆதரே', எல்லாம் ஆகு என்ற வினையின் நிபந்தனை வடிவங்கள்தான். அவையும் 'பட்' வேலை பார்க்கின்றன. பக்கத்து வீடுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன. ஏன் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

திருப்பரங்குன்றத்திலிருந்து, செவ்வாய் காலை 5.20

நலம் விழைகிறேன். நான்காம் தமிழ்ச்சங்கம் 1901இல் கண்ட ஊரில் இதற்கு ஒரு சொல் இல்லையென்று ஒரு பெண் தவிப்பது எனக்கு ஒப்பவில்லை.

தொல்காப்பியர் வினையெச்ச வாய்பாடு ஒன்பது சொல்கிறார். செய்து, செய்யூ, செய்பு என்று தொடங்கும் அந்த வரிசையில் 'செயின்' இருக்கிறது. நன்னூலார் பன்னிரண்டாக்கினார், அங்கும் 'செயின்' உண்டு. மழை பெய்யின் குளம் நிறையும். இதுவே தமிழின் நிபந்தனை. 'இன்' என்பதே விகுதி. ஆகவே தனிச்சொல்லாக வேண்டுமாயின் 'எனின்'. வள்ளுவர் இரண்டாம் குறளிலேயே "நற்றாள் தொழாஅர் எனின்" என்று வாசலில் நிறுத்தியிருக்கிறார். 'எனில்' என்று எழுதுகிறவர்கள் ஏழாம் வேற்றுமையை இழுத்து வருகிறார்கள். வீட்டில், ரோட்டில் என்பது போல 'எனில்'. வேண்டாம்.

'எல்ஸ்' என்பதற்கு என்னிடம் நாற்பது ஆண்டாகப் பொத்தி வைத்த சொல் ஒன்று உண்டு: மற்று. அந்த ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவம் 'எல்லெஸ்', பொருள் 'பிறிதாக'. இலத்தீனத்து 'அலியுஸ்' இதற்கு உறவு. அதற்கும் 'பிறிது' என்பதே பொருள். நன்னூலார் 'மற்று' என்னும் இடைச்சொல்லுக்குச் சொன்ன பொருள்கள் மூன்று: வினைமாற்று, அசைநிலை, பிறிது. வினைமாற்று! செய்யும் வினையை மாற்றிவிடும் சொல். உன் கணினி அந்த இடத்தில் செய்வதும் அதைத்தானே அம்மா?

உசிலம்பட்டியிலிருந்து, செவ்வாய் காலை 8.05

ஐயா, காலையிலேயே சிலிர்த்துவிட்டது. நிஜமாகத்தான் சொல்கிறேன், வினைமாற்று என்பதைவிட நல்ல விளக்கத்தை எந்தக் கணினிப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

ஆனால் (பார்த்தீர்களா, 'பட்' வந்துவிட்டது) ஒரு நடைமுறைத் தடங்கல். அதே பெட்டியில் 'அண்ட்' பிளாக் ஒன்று இருக்கிறது. ஒத்தக்கடை அக்கா அதற்கு 'மற்றும்' போட்டிருக்கிறார். பிள்ளைகள் திரையில் 'மற்றும்' ஒன்று, 'மற்று' ஒன்று. ஒரு 'ம்' நழுவினால் 'இரண்டும் உண்மை' என்பது 'இல்லாவிட்டால் இதைச் செய்' என்று புரண்டுவிடும். இராத்திரி ஒரு மணிக்கு நிரலில் பிழை தேடுகிறவன் நான். அந்த ஒரு புள்ளிக்காக ஒரு நாள் முழுக்க அழுவேன்.

திருப்பரங்குன்றத்திலிருந்து, செவ்வாய் காலை 8.40

'மற்றும்' என்பதை 'அண்ட்' ஆக்கியது யார் குற்றம்? உம்மைத்தொகை, எண்ணும்மை என்று இரண்டு வழி தமிழில் இருக்கும்போது, "அரிசி மற்றும் பருப்பு" என்று மளிகைச் சீட்டில் எழுதியவனைக் கேளுங்கள். 'மற்று' என்ன செய்யும்?

மேலூரிலிருந்து, செவ்வாய் மதியம் 1.15

சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன். கணக்கு வகுப்பில் இந்தச் சண்டையே இல்லை. "p எனில் q". பத்து வருடமாகக் கரும்பலகையில் இதைத்தான் எழுதுகிறேன், பிள்ளைகள் யாரும் வேற்றுமை உருபு என்று நினைத்ததில்லை.

சந்தடி சாக்கில் என் குறையையும் சொல்லிவிடுகிறேன். கணிதத்தில் 'இஃப்' கூட ஒரு 'ஃப்' சேர்த்து 'இஃப்ஃப்' என்று எழுதுவோம்: இது நடந்தால் அது, இது நடந்தால்தான் அது என்று இரு பக்கமும் பூட்டுவதற்கு. 1955இல் கெல்லி எழுதிய இடவியல் புத்தகத்தில் அச்சேறியது. அது ஹால்மோஸுடையது என்று கெல்லியே குறிப்பிட்டிருப்பார். ஒரே ஒரு எழுத்து! நாங்கள் அதற்கு "தேவையானதும் போதுமானதுமான நிபந்தனை" என்று ஒரு பேருந்து நீளத்துக்கு எழுதுகிறோம். இதற்கும் வழி சொல்லுங்களேன்.

சிம்மக்கல்லிலிருந்து, செவ்வாய் மதியம் 2.00

சார், அளபெடை இருக்கும்போது என்ன பயம்? எனீஇல்.

திருப்பரங்குன்றத்திலிருந்து, செவ்வாய் மதியம் 2.25

கேலி செய்கிறார் என்று தெரிகிறது. ஆயினும் இலக்கணம் இடம் கொடுக்கிறது. "கெடுப்பதூஉம்" என்பதில் குறில் நெடிலாகி அளபெடுத்தது போல, இன்னிசை அளபெடை. எனீஇன். முன்மொழிகிறேன்.

மேலூரிலிருந்து, செவ்வாய் மதியம் 2.31

நான் கேட்டதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

சிம்மக்கல்லிலிருந்து, செவ்வாய் இரவு 11.10

ஐயா 'எல்ஸ்' வேரைத் தொட்டதால் 'இஃப்' வேரையும் தோண்டினேன், தூக்கம் போயிற்று.

பழைய ஆங்கிலத்தில் அது 'யிஃப்'. எழுதும்போது முதல் எழுத்து 'ஜி', ஒலி யகரம். 'கொடு' என்ற வினையும் அக்காலத்தில் ஏறக்குறைய இதே எழுத்துகளில் வரும். 1786இல் ஹார்ன் டூக் என்பவர் ஒரு புத்தகம் போட்டு அடித்துச் சொன்னார்: 'இஃப்' என்பது 'கொடு' என்ற ஏவல்தான், "மழை பெய்ததாகக் கொடு, வைத்துக்கொள்" என்பதே நிபந்தனையாகத் தேய்ந்தது. ஒரு தலைமுறையே இதை நம்பியது. நமக்கும் கேட்டால் நம்பத் தோன்றும், ஏனென்றால் "என்று வைத்துக்கொள்" என்று நாமும் சொல்கிறோமே.

ஆனால் பிழை. ஜெர்மனில் அதன் உறவுச்சொல் 'ஓப்', ஐஸ்லாந்தில் 'எஃப்'. 'கொடு' என்பதற்கு அங்கெல்லாம் முதலில் ககரம் நிற்கிறது, இதற்கு நிற்கவில்லை. அடுத்து ஒன்று பாருங்கள். ஐஸ்லாந்து மொழியில் 'எஃப்' என்றால் நிபந்தனை, 'எஃபி' என்றால் சந்தேகம். ஜெர்மனின் 'ஓப்' இன்று "வந்தானா இல்லையா" என்று கேட்கும் இடத்தில் வரும். ஆங்கிலத்திலும் "வந்தானா என்று கேள்" என்பதற்கு 'இஃப்' போடுவார்கள். அதாவது அவர்கள் நிபந்தனையின் பக்கத்து வீட்டில் ஐயம் குடியிருக்கிறது.

நம் வீட்டில் யார்? 'எனின்' என்பதில் இருப்பது 'என்' என்ற வினை: சொல். "வாய்மை எனப்படுவது யாதெனின்", அதாவது யாது என்று சொன்னால், கேட்டால். மலையாளத்து 'எங்கில்' உள்ளேயும் அதே 'என்'தான். அவர்கள் சந்தேகப்படுகிறார்கள், நாம் சொல்லிப் பார்க்கிறோம். 'நீர்இன்று அமையாது உலகெனின்' என்ற குறளில் சந்தேகமே கிடையாது. நீரில்லாமல் உலகில்லை என்று அடித்துச் சொல்லிவிட்டு, அதன்மேல்தான் 'எனின்' ஏறுகிறது.

இன்னொன்று. எனின் சரி, எனில் தவறு என்கிறார் ஐயா. "பெய்யின் குளம்" புணர்ந்தால் "பெய்யிற் குளம்". லகரம் இருந்தாலும் 'ற்'தான் ஆகும், னகரம் இருந்தாலும் 'ற்'தான் ஆகும். பிரித்துப் பார்க்கிறவனுக்கு எது என்று எப்படித் தெரியும்? அந்தச் சந்தில்தான் 'எனில்' நுழைந்திருக்கும் என்பது என் ஊகம். நுழைந்து நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. வாடகைக்கு இருந்தவர் பட்டா வாங்கிவிட்டார், விட்டுவிடுங்கள் ஐயா.

ஒத்தக்கடையிலிருந்து, புதன் இரவு 9.15

எல்லோருக்கும் நன்றி. ஐஸ்லாந்து வரைக்கும் போய்விட்டு வந்தோம், பிளாக் இன்னும் காலியாகவே இருக்கிறது.

இன்று வகுப்பில் நான்கு சொல்லையும் சீட்டில் எழுதிக்கொடுத்து, வாசிக்கச் சொன்னேன். 'ஆனால்' என்பதைப் பாதிப் பேர் வாசித்துவிட்டு அடுத்து என்னமோ வரப்போகிறது என்று காத்திருந்தார்கள். "66 ஆனால்... ஆனால் என்ன?" 'எனின்' என்பதை ஒரு பெண் 'ஏனெனில்' என்று வாசித்தாள். 'எனில்' சரியாக வாசித்தார்கள், புரிந்ததா என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்கள். 'மற்று' என்றதும் ஒருவன் கையைத் தூக்கி "டீச்சர், ம் விட்டுப்போச்சு" என்றான். மன்னிக்கணும் ஐயா.

அப்புறம் அணைக்கதை. ஒரு குழு 66ஐ முதலிலும் 69ஐக் கடைசியிலும் கேட்டு அடுக்கிவிட்டது. நீர்மட்டத்துக்கு 70 கொடுத்தால் திரையில் "முதல் எச்சரிக்கை". 70 என்பது 66க்கு மேல்தானே, முதல் கேள்வியிலேயே 'ஆம்' விழுந்துவிடுகிறது, கீழே இருப்பதை எட்டிப் பார்ப்பதே இல்லை. அணையில் தேக்கக்கூடிய நீர்மட்டமே 71 அடி! "டீச்சர், ஊரே முங்கிரும், இது இன்னும் முதல் எச்சரிக்கையிலேயே நிக்குது" என்று சிரித்தார்கள். பெரிய எண்ணிலிருந்து இறங்கி வரவேண்டும் என்று அவர்களே திருப்பி அடுக்கினார்கள். சொல் இல்லாமலேயே பாதிப் பாடம் முடிந்துவிட்டது. மீதிப் பாதிக்குச் சொல் வேண்டும்.

உசிலம்பட்டியிலிருந்து, புதன் இரவு 10.20

அக்கா, பிள்ளைகள் அந்தப் பிழையை எப்படிச் சொன்னார்கள் என்று கேட்டீர்களா? நான் பந்தயம் கட்டுகிறேன், "70 வந்துச்சுன்னா" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

எங்கள் பக்கம் இரண்டு விதமாகப் பேசுவோம். "மழை பெஞ்சா", "மழை பெஞ்சுச்சுன்னா". முதலாவதில் நிபந்தனை வினைக்குள்ளேயே போய்விட்டது, பெய்தால். அதை வெட்டி எடுத்துத் தனி பிளாக் ஆக்க முடியாது. இரண்டாவதில் "மழை பெஞ்சுச்சு" என்பது முழு வாக்கியம். அதை ஒன்றும் செய்யாமல் அப்படியே வைத்து, பின்னால் 'ன்னா' ஒட்டுகிறோம். அந்த 'ன்னா' என்ன? என்றால். சிம்மக்கல் அண்ணன் சொன்ன அதே 'என்'.

பிளாக்கின் ஓட்டைக்குள் போவதும் முழு வாக்கியம்தான். உண்மை அல்லது பொய் என்று தீர்ந்துபோன ஒன்று. 'ஆனால்' அங்கே எல்லா இடத்திலும் ஒட்டாது. "66 ஆனால்" சரி, "கதவு திறந்திருக்கிறது ஆனால்" என்றால் மறுபடியும் 'பட்'. 'எனில்' எதன் பின்னாலும் ஒட்டும். "கதவு திறந்திருக்கிறது எனில்", "66க்கு மேல் எனில்", "ஆம் எனில்". ஏதோ உயர்ந்த தமிழ் என்று பயப்பட வேண்டாம். அவர்கள் வாயில் இருக்கும் 'ன்னா'வுக்குச் சட்டை போட்டுவிட்டால் 'எனில்'. அதைப் பலகையில் ஒருதரம் எழுதிக் காட்டுங்கள், தலையை ஆட்டாமல் வாயைத் திறப்பார்கள்.

முக்கியமான விஷயம்: அதை முன்னால் போடாதீர்கள். 'தென்' இருக்கிற இடத்தில் போடுங்கள். முன்னால் இருக்கும் இடத்தைக் காலியாக விடுங்கள். நமக்கு நிபந்தனை வாலில் இருக்கிறது, தலையில் இல்லை.

'எல்ஸ்' என்பதற்கு 'இல்லையெனில்'. அவர்கள் வாயில் 'இல்லைன்னா'. அவ்வளவுதான்.

மேலூரிலிருந்து, வியாழன் காலை 7.30

வழிமொழிகிறேன். p, q எல்லாம் முழுக் கூற்றுகள் என்று வருடா வருடம் தொண்டை வறளச் சொல்கிறேன். 'பெஞ்சுச்சுன்னா' என்று ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும்.

திருப்பரங்குன்றத்திலிருந்து, வியாழன் காலை 8.10

தம்பியின் பிரிப்பு சரி. 'ன்னா' என்பதை வினைமுற்றின் மேல் ஏறும் 'என்' என்று கண்டது நல்ல கண். பேச்சு வழக்கைக் கொண்டு இலக்கணம் காட்டினால் நான் மறுக்கமாட்டேன்.

எனினும் என் மறுப்பு நிற்கிறது. 'எனின்' என்று எழுதுவதில் ஒரு எழுத்துதான் வேறு. பிள்ளை அதை 'ஏனெனில்' என்று வாசித்ததென்றால், வாசிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியது நாம். தெரிந்த சொல்லையே கொடுத்துக்கொண்டிருந்தால் தெரியாத சொல் எப்போது தெரியும்? 'இல்லையெனில்' என்பது ஆறு எழுத்து, 'மற்று' மூன்று எழுத்து. பட்டையில் இடமும் மிச்சம்.

சிம்மக்கல்லிலிருந்து, வியாழன் காலை 9.00

எழுத்தெண்ணிக்கையில் ஜெயித்துவிட்டீர்கள். நானும் 'ஆனால்' மேல் இருந்த ஆசையை விட்டுவிட்டு 'எனில்' பக்கம் வருகிறேன். எழிலில் அது பின்னால் நிற்பதுதான் எனக்குப் பிடித்ததே, அந்த இடம் இதிலும் கிடைத்துவிட்டது.

ஒத்தக்கடையிலிருந்து, வெள்ளி இரவு 8.45

ஏற்றிவிட்டேன். பின்னால் 'எனில்', கீழ்ப்பட்டையில் 'இல்லையெனில்'. 'ன்னா'வைப் பலகையில் எழுதி, அடித்து, பக்கத்தில் 'எனில்' எழுதினேன். தம்பி சொன்னது போல வாயைத் திறந்தார்கள், கொஞ்சம் அதிகமாகவே. "சாப்பிட்டாச்சு எனில் வீட்டுக்குப் போகலாமா டீச்சர்" என்று மாலை முழுக்க ஒரே எனில்.

ஒரு சின்னத் தொல்லை. முன்னால் இருக்கிற இடத்தைக் காலியாக விட்டால் கோப்பு ஏறவில்லை. ஏதாவது எழுத்து இருந்தே ஆகவேண்டுமாம். 'ஒருவேளை' போட்டேன், நீளம் அதிகமாகி ஓட்டை அடுத்த வரிக்குப் போய்விட்டது. பிள்ளைகளிடமே கேட்டேன். 'என்னன்னா' என்று கேட்ட அதே பையன் "பாருன்னு போடுங்க டீச்சர், அது பார்க்கத்தானே செய்யுது" என்றான். இப்போது திரையில்: "பார், நீர்மட்டம் > 69 எனில்". ஓடுகிறது.

சிம்மக்கல்லிலிருந்து, வெள்ளி இரவு 9.05

முன்னால் ஒரு ஏவல் வினை! ஹார்ன் டூக் இங்கிலாந்தில் தேடி ஏமாந்தது ஒத்தக்கடை மாடியில் கிடைத்துவிட்டது.

திருப்பரங்குன்றத்திலிருந்து, சனி காலை 5.15

'பார்' என்பதை ஏற்கிறேன். 'எனில்' பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை, பதிவுக்காக எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை திருமங்கலத்தில் ஒரு கல்யாணம். அதை முடித்துக்கொண்டு நான்கு மணிக்கு உன் வகுப்புக்கு வருகிறேன் அம்மா. மாடிப்படி ஏற யாராவது ஒரு பையனை அனுப்பு. பலகையின் ஓரத்தில் 'மற்று' என்று சின்னதாக எழுதிவிட்டுப் போவேன், பிள்ளைகள் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்.